கலிங்கு இல்லாத அணை
தனியார் நிலத்தில் இருந்த அணை உடைந்து 7 பேர் மாண்ட கதை

2006-ம் ஆண்டு மார்ச் மாதம் 14-ந் தேதி. செவ்வாய்க்கிழமை. மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. ஆனால் பொழுது இன்னும் விடியவில்லை.

பசிபிக் மாகடலின் நடுவே இருக்கிறது கவாயி என்ற தீவு. அங்கே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஆரம்பித்த மழை அல்ல அது. பிப்ரவரி மாதம் 19-ந் தேதி பிடித்த மழை. மூன்று வாரங்களுக்கு மேல் ஆகியும் ஓயவில்லை. மலை எல்லாம் ஊறிப்போய்க் கிடந்தது.

மலையடிவாரத்தில் ஓர் ஓடை ஓடுகிறது. அதன் பெயர் வாய்லாப்பா. ஓடைக்குப் பக்கத்தில் சில வீடுகள் இருந்தன. அந்த வீடுகளில் ஒரு கணவன், ஒரு மனைவி, அவர்களுடைய 2 வயதுக் குழந்தை இருந்தார்கள். அவர்களுடைய நண்பர்களும் இருந்தார்கள். கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடியும் அங்கே தங்கியிருந்தது. கல்யாணம் அன்றைக்குத்தான்! மணப்பெண் 7 மாதக் கர்ப்பிணி.

மலைமேல் ஓர் அணை இருந்தது. காலோக்கோ அணை என்று பெயர். அந்த இருட்டிலே அது உடைந்தது.

சுமார் 40 கோடி காலன் தண்ணீர் ஒரே மூச்சில் இறங்கியது. லிட்டரில் சொன்னால் 150 கோடி லிட்டர். மரங்களை வேரோடு பிடுங்கியது. மண்ணை வழித்துக்கொண்டு வந்தது. வீடுகள் இருந்த இடமே தெரியவில்லை. எல்லாவற்றையும் வாரிக்கொண்டுபோய்க் கடலில் தள்ளியது.

7 பேர் மாண்டார்கள். அந்தச் சின்னக் குழந்தையும் போயிற்று. கல்யாணப் பெண்ணும் போனாள்.

ஒரே ரோடு

தீவின் வடகரைக்குப் போக ஒரே ஒரு பெரிய ரோடுதான் உண்டு. கூஹியோ நெடுஞ்சாலை என்று அதற்குப் பெயர். அந்த ரோட்டின் மேல் வெள்ளம் பாய்ந்தது. சேறும் மரங்களும் ரோட்டை அடைத்தன. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ஊர்கள் எல்லாம் துண்டிக்கப்பட்டன.

காலோக்கோவுக்குக் கீழே மொரீட்டா என்று இன்னொரு சிறிய அணை இருந்தது. வெள்ளம் அதையும் மோதிவிட்டுத்தான் போயிற்று. அதுவும் உடைந்துவிடுமோ என்ற பயம் வந்தது. மழையோ விடவில்லை. மீட்க வந்தவர்கள் ஒரு கண்ணால் சேற்றையும் இன்னொரு கண்ணால் மலையையும் பார்த்துக்கொண்டே வேலை செய்ய வேண்டியிருந்தது. ஹெலிகாப்டர்கள் கடலின் மேல் பறந்து தேடின.

இது எப்படி நடந்தது? மழைதான் காரணம் என்று முதலில் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் மழை அந்தத் தீவுக்குப் புதிது அல்ல. கவாயியின் நடுவில் வையாலேயாலே என்று ஒரு மலை இருக்கிறது. அதன் உச்சியில் வருஷத்துக்கு 400 அங்குலத்துக்கு மேல் மழை பெய்கிறது. சென்னையில் வருஷம் முழுவதும் பெய்வது சுமார் 55 அங்குலம்தான்! உலகத்திலேயே மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் அந்த மலையும் ஒன்று. அந்தத் தீவில் 116 வருஷம் நின்ற அணை அது. அத்தனை மழைக்காலத்தையும் தாங்கிய கரை, 2006-ல் மட்டும் ஏன் தாங்கவில்லை?

கரும்புக்குக் கட்டிய அணை

ஹவாய் தீவுகள் இன்று அமெரிக்காவின் ஒரு மாநிலம். 1959-ல்தான் அது மாநிலம் ஆயிற்று. ஒரு காலத்தில் அங்கே ராஜாக்கள் ஆண்டார்கள். காலோக்கோ அணையைக் கட்டியது 1890-ல். அப்போது காலாக்காவா என்ற ராஜாவின் ஆட்சி.

கிலாவியா என்ற ஊரில் ஒரு பெரிய கரும்புத் தோட்டம் இருந்தது. (இதே பெயரில் ஓர் எரிமலையும் உண்டு. அது வேறு தீவில் இருக்கிறது. குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 1881-ல் கரும்பு ஏற்றிச் செல்ல அங்கே ரெயில் பாதை போட்டார்கள். பாதைக்கு முதல் ஆணியை அடித்தவர் இளவரசி லிலியோகலானி. பிற்காலத்தில் அவர்தான் ஹவாயின் கடைசி ராணி.

கரும்பு தண்ணீரைக் குடிக்கும் பயிர். அது நம் விவசாயிகளுக்குத் தெரிந்த விஷயம். 1 ராத்தல் சர்க்கரை எடுக்க 500 காலன் தண்ணீர் வேண்டும் என்று ஹவாய்த் தோட்டக்காரர்கள் கணக்குச் சொல்வார்கள். ஆகவே அவர்கள் மலை ஓடைகளை மறித்தார்கள். பள்ளத்தாக்குகளில் மண்ணைக் கொட்டிக் கரை போட்டார்கள். மைல் கணக்கில் வாய்க்கால் வெட்டினார்கள். தோட்டங்களில் பாடுபட்டவர்கள் சீனாவிலிருந்தும், ஜப்பானிலிருந்தும், போர்ச்சுகலிலிருந்தும், பிலிப்பைன்ஸிலிருந்தும் கப்பலில் வந்த கூலிகள்.

காலோக்கோ கரையின் உயரம் சுமார் 40 அடி. கல் இல்லை, சிமெண்டு இல்லை. வெறும் மண். நம் ஊர் ஏரிக்கரை மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

மண் கரை என்றால் மட்டம் என்று நினைக்கக் கூடாது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் அது நூறு வருஷம், இருநூறு வருஷம் நிற்கும். தோட்டம் இருந்தவரையில் காலோக்கோவைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. கரை தோட்டத்துக்குச் சொந்தம். தண்ணீரும் தோட்டத்துக்குச் சொந்தம். கரை உடைந்தால் நஷ்டம் தோட்டத்துக்கு. ஆகவே கவனிப்பும் தோட்டத்தின் பொறுப்பு.

1971-ல் தோட்டத்தை மூடிவிட்டார்கள். கரும்பில் லாபம் இல்லை.

கை மாறிய நிலம்

தோட்டம் போயிற்று. ஆனால் அணை எங்கே போகும்? அது அங்கேயேதான் நின்றது.

தோட்டத்துக்குச் சொந்தக்காரர்கள் சி.புரூவர் கம்பெனியார். ஹவாயின் பழைய பெரிய கம்பெனிகளில் அது ஒன்று. அவர்கள் நிலத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். ஒரு பக்கம் கொய்யாத் தோட்டம் வந்தது. கடல் தெரியும் மேட்டு நிலங்களுக்கு நல்ல கிராக்கி. வெளியூர் பணக்காரர்கள் வந்து வாங்கினார்கள்.

அணை இருந்த பகுதியை 1987-ல் வாங்கியவர் ஜேம்ஸ் புளூகர். மோட்டார் கார் வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்தவர். ஹவாய் முழுவதும் தெரிந்த புள்ளி. நீர்த்தேக்கத்தின் ஒரு பகுதி அவர் வசம் வந்தது. இன்னொரு பகுதி மேரி லூகாஸ் டிரஸ்டு என்ற குடும்ப டிரஸ்டுக்குச் சொந்தம். சரி, அணைக்குள் இருந்த தண்ணீர் யாருக்கு? அது இவர்கள் இருவருக்கும் இல்லை. தண்ணீரை வாய்க்காலில் விடும் உரிமை ஒரு பாசனக் கம்பெனியிடம் இருந்தது!

ஒரு கிணறு இருக்கிறது. கிணறு இருக்கும் மண் அண்ணனுக்கு. பக்கத்து மண் தம்பிக்கு. தண்ணீர் இறைத்து விற்கும் உரிமை மூன்றாம் ஆளுக்கு. கிணற்றுச் சுவர் இடிந்தால் யார் கட்டுவது? அண்ணன் தம்பியைக் காட்டுவான். தம்பி மூன்றாம் ஆளைக் காட்டுவான். காலோக்கோவின் நிலைமை இதுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அணையால் ஆபத்து வந்தால் சாகப் போகிறவர்களுக்கு அந்த அணையில் ஒரு பிடி மண்ணும் சொந்தம் இல்லை. தண்ணீரில் ஒரு சொட்டும் சொந்தம் இல்லை. கீழே ஓடை ஓரத்தில் குடியிருந்தார்கள், அவ்வளவுதான்.

கலிங்கு எங்கே?

ஏரி தெரிந்தவர்களுக்குக் கலிங்கு தெரியும். ஏரி நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் வழிந்து போக ஒரு வழி வேண்டும். கரையை விடத் தாழ்வான ஓர் இடத்தில் கல்லாலோ, கெட்டியான தரையாலோ அந்த வழியை அமைத்திருப்பார்கள். அதுதான் கலிங்கு. மதகு வேறு, கலிங்கு வேறு. மதகை மனிதன் திறக்க வேண்டும். கலிங்குக்கு ஆள் தேவை இல்லை. ஏரி நிரம்பினால் தானாக வழியும். நள்ளிரவானாலும் வழியும். காவல்காரன் தூங்கினாலும் வழியும்.

மண் கரைக்குக் கலிங்குதான் உயிர். ஏன்?

தண்ணீர் கரைக்கு உள்ளே நின்றால் மண் தாங்கும். கரைக்கு மேலே ஏறி வழிந்தால் தாங்காது. கரையின் உச்சியில் ஓர் அங்குலத் தண்ணீர் வழிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது வெளிப்பக்கச் சரிவில் வேகமாக இறங்கும். இறங்கும் வேகத்தில் மண்ணை அரிக்கும். முதலில் ஒரு சின்ன வாய்க்கால் விழும். வாய்க்கால் ஆழமாக ஆக, அதில் அதிகத் தண்ணீர் பாயும். அதிகத் தண்ணீர் பாய, இன்னும் ஆழமாக அரிக்கும். அரிப்பு அடியிலிருந்து மேலே ஏறி, கரையின் உச்சியைத் தின்றுவிடும். அப்புறம் யாராலும் நிறுத்த முடியாது. மூட்டை மூட்டையாக மணல் போட்டாலும் பயன் இல்லை. சில நிமிஷங்களில் கரை திறந்துகொள்ளும்.

காலோக்கோ அணைக்கும் கலிங்கு இருந்தது. பழைய தோட்டத் தொழிலாளர்களுக்கு அது தெரியும். ஆனால் அணை உடைந்த பிறகு அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது கலிங்கைக் காணோம்!

அது மண்ணால் மூடப்பட்டிருக்க வேண்டும் என்ற சந்தேகம் எழுந்தது. 1997, 1998-ம் ஆண்டுகளில் அணைக்குப் பக்கத்தில் புல்டோசர்கள் வேலை செய்தன. மேடு பள்ளங்களைச் சமப்படுத்தினார்கள். அனுமதி வாங்காமல் இந்த வேலை நடக்கிறது என்று 1997-ல் கவாயி கவுண்டி அதிகாரிகளே கண்டுபிடித்தார்கள். நம் ஜில்லா மாதிரி அங்கே கவுண்டி. வேலையை நிறுத்தும்படி உத்தரவு போட்டார்கள்.

உத்தரவு போட்டார்கள், அவ்வளவுதான். அதை அமல் நடத்தக் கடைசிவரை முயலவில்லை என்று பிற்பாடு விசாரணை அறிக்கை குறை கூறியது.

கலிங்கை மூடியதாகச் சொல்லப்பட்டதைப் புளூகர் தரப்பு ஒப்புக்கொள்ளவில்லை. அதிக மழையும் பிறருடைய அஜாக்கிரதையும்தான் காரணம் என்பது அவர்களுடைய வாதம்.

பார்க்கவே இல்லை

"இதை எல்லாம் சர்க்கார் பார்க்க வேண்டாமா?" என்று கேட்பீர்கள். பார்க்க வேண்டும். சட்டமும் இருந்தது. 1987-ல் ஹவாயில் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தனியார் அணைகளையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

ஆனால் காலோக்கோ அணையைச் சர்க்கார் இன்ஜினீயர்கள் ஒரு தடவைகூடச் சோதித்ததில்லை!

அப்போது ஹவாயில் சர்க்கார் கண்காணிப்பில் இருந்த அணைகள் 130-க்கு மேல். பெரும்பாலானவை கரும்புக் காலத்தில் கட்டிய பழைய மண் அணைகள். பெரும்பாலானவை தனியார் நிலத்தில் இருப்பவை. அத்தனைக்கும் சேர்த்து இலாகாவில் இருந்த ஆட்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். தனியார் நிலத்துக்குள் போக வேண்டும் என்றால் சொந்தக்காரருக்குக் கடிதம் எழுத வேண்டும். கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் காகிதம் கட்டிலேயே தூங்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. அது கொஞ்சம் நுணுக்கமானது. அணைகளை ஆபத்தின் அளவைப் பார்த்து வகை பிரிக்கிறார்கள். "அதிக ஆபத்து", "ஓரளவு ஆபத்து", "குறைந்த ஆபத்து" என்று வகைகள் உண்டு. காலோக்கோவுக்குக் கொடுத்த வகை "குறைந்த ஆபத்து".

இதைக் கேட்டால் அணை பலமாக இருக்கிறது என்றுதானே தோன்றும்? அதுதான் தவறு. இந்த வகைக்கும் அணையின் பலத்துக்கும் சம்பந்தமே இல்லை. அணை உடைந்தால் கீழே எத்தனை பேருக்குச் சேதம் வரும் என்பதைத்தான் அது சொல்லுகிறது. கீழே வெறும் காடு என்றால் "குறைந்த ஆபத்து". கீழே வீடுகள் இருந்தால் "அதிக ஆபத்து".

கரும்புத் தோட்டம் இருந்தபோது கீழே யாரும் இல்லை என்று எழுதியிருக்கலாம். நிலம் விற்று வீடு கட்டிய பிறகும் தாளில் இருந்த எழுத்து மாறவில்லை. "குறைந்த ஆபத்து" என்று இருக்கும் அணையை முதலில் போய்ப் பார்ப்பானேன் என்று இலாகா விட்டுவிட்டது. அந்தக் "குறைந்த ஆபத்து" அணைதான் 7 பேரைக் கொண்டுபோயிற்று.

விசாரணை

அணை உடைந்ததும் ஹவாய் சர்க்கார் விழித்துக்கொண்டது. ராணுவ இன்ஜினீயர்களின் உதவியோடு மாநிலத்தில் இருந்த அணைகள் அத்தனையையும் அவசர அவசரமாகப் பார்வையிட்டார்கள். முன்பு வருஷக் கணக்கில் முடியாத வேலை, சில வாரங்களில் முடிந்தது.

காலோக்கோ உடைந்ததைப் பற்றி விசாரிக்க ராபர்ட் காட்பி என்ற வக்கீலை நியமித்தார்கள். அவர் 2007-ம் ஆண்டு ஜனவரி மாதம் அறிக்கை கொடுத்தார். கலிங்கு இல்லாததால் தண்ணீர் கரைக்கு மேல் ஏறி வழிந்திருக்கிறது. அதனால் கரை உடைந்திருக்க வேண்டும். இதுவே அறிக்கையின் முக்கியமான முடிவு.

அதோடு அவர் நிற்கவில்லை. ஒரே ஆளின் தலையில் பழியைப் போட்டுவிட்டுப் போகவும் இல்லை. நிலத்தின் சொந்தக்காரர், பழைய கம்பெனி, தண்ணீரை நிர்வகித்தவர்கள், கவுண்டி, மாநில சர்க்கார் என்று ஒவ்வொரு தரப்பிலும் நடந்த தவறுகளை எடுத்துச் சொன்னார். கரையில் செடி கொடி மரங்கள் மண்டிக் கிடந்தால் கசிவு கண்ணுக்குத் தெரியாது. வேர் புகுந்த வழியே தண்ணீர் புகும். மராமத்து இல்லாத பழைய கரைகளில் இதெல்லாம் சகஜம். இதை எல்லாம் வருஷத்துக்கு ஒரு முறை நடந்து பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம். கலிங்கு இல்லை என்பதைக் கண்டுபிடிக்க இன்ஜினீயர்கூட வேண்டாமே! ஏரிப் பாசனக்காரர் ஒருவரைக் கரையில் நடக்க விட்டால், திரும்பி வந்து சொல்லிவிடுவார்.

கோர்ட்டு

மாண்டவர்களின் குடும்பத்தார் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். வழக்கு 2009-ல் சமரசத்தில் முடிந்தது. சுமார் 2 கோடியே 50 லட்சம் டாலர் கொடுப்பது என்று ஏற்பாடு ஆயிற்று.

கிரிமினல் வழக்கு இன்னும் நீண்டது. 2008-ம் ஆண்டு நவம்பர் மாதம் புளூகர் மீது குற்றச்சாட்டு பதிவாயிற்று. 7 பேருடைய சாவுக்குக் காரணமாக இருந்தார் என்று 7 குற்றச்சாட்டுகள். அஜாக்கிரதையால் பிறருடைய உயிருக்கு ஆபத்து உண்டாக்கினார் என்று ஒரு குற்றச்சாட்டு. ஆக மொத்தம் 8.

அவர் கோர்ட்டுக்குப் புதியவர் அல்ல. அதே வட்டாரத்தில் பிலாவா என்ற கடற்கரை இருக்கிறது. அதற்கு மேலே இருந்த அவருடைய நிலத்தில் மண்ணை வெட்டியதால், 2001-ல் பெய்த மழையில் சேறு சரிந்து கடலில் பாய்ந்தது. பவளப் பாறைகளை மூடியது. அந்த வழக்கிலும் 2006-ல் சமரசம் ஏற்பட்டது. அபராதமும் நிலத்தைச் சீராக்கும் செலவுமாகச் சுமார் 75 லட்சம் டாலர்!

அணை வழக்கு இழுத்துக்கொண்டே போயிற்று. வாய்தா மேல் வாய்தா. ஒரு வருஷம், இரண்டு வருஷம் அல்ல. 2013-ம் ஆண்டு ஜூலை மாதத்தில்தான் ஒரு முடிவு தெரிந்தது. "குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடவில்லை" என்று புளூகர் கோர்ட்டில் சொன்னார். ஆபத்து உண்டாக்கிய ஒரு குற்றத்துக்கு மட்டும் அவர் இப்படிச் சொன்னார். 7 சாவுகளுக்கான குற்றச்சாட்டுகளை அவருடைய கம்பெனி ஏற்றுக்கொண்டது! அதுவும் "எதிர்த்து வாதாடவில்லை" என்ற முறையில்தான்.

கம்பெனிக்கு உடம்பு இல்லை. அதைச் சிறையில் தள்ள முடியாது. அபராதம்தான் போட முடியும். ஓர் உயிருக்கு 50 ஆயிரம் டாலர் வீதம் 3 லட்சத்து 50 ஆயிரம் டாலர் அபராதம் விழுந்தது.

புளூகருக்கு 2014-ம் ஆண்டு அக்டோபர் மாதம் தண்டனை கிடைத்தது. 7 மாதச் சிறை. பிறகு 5 வருஷக் கண்காணிப்பு. அப்போது அவருக்கு வயது 88. அணை உடைந்து எட்டரை வருஷம் ஆகியிருந்தது. அந்த 2 வயதுக் குழந்தை உயிரோடு இருந்திருந்தால், அப்போது பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருக்கும்.

சிறைவாசம் முடிந்து வந்த புளூகர் 2017-ல் காலமானார்.

புதுச் சட்டம்

2007-ல் ஹவாய் சட்டசபை பழைய சட்டத்தை எடுத்துவிட்டுப் புதிய அணைப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. அணையில் தண்ணீர் தேக்க வேண்டுமா? சொந்தக்காரர் சர்க்காரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். அபாயமான அணையா? உடைந்தால் யார் யாருக்குத் தகவல் சொல்வது, ஜனங்களை எந்த வழியாக வெளியேற்றுவது என்ற திட்டத்தை முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். நிலத்துக்குள் நுழைந்து சோதிக்க அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. அபராதமும் கூடியது.

சட்டம் வந்ததும் அணைச் சொந்தக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். கரையைப் பலப்படுத்தக் கோடிக் கணக்கில் டாலர் வேண்டும். கரும்போ இல்லை. தண்ணீரில் வரும் வருமானம் மராமத்துக்குப் போதாது. "எங்களுக்கு அணையே வேண்டாம்" என்றார்கள் சிலர். கரையை வெட்டிவிட்டுத் தண்ணீரை ஓடையில் விட்டுவிடலாம் என்றார்கள்.

கீழே குடியிருப்பவர்களுக்கு அது நிம்மதி. ஆனால் விவசாயிகளுக்குத் திகில். அந்தத் தண்ணீரை நம்பிக் கிழங்கும் காய்கறியும் பயிரிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அணை போனால் பயிர் போகும். அணை இருந்தால் உயிருக்குப் பயம். இரண்டும் நியாயமான கவலை.

2021-ம் ஆண்டு மார்ச் மாதம் 8-ந் தேதி மாவி தீவில் பெருமழை பெய்தது. அங்கே கௌபாகலுவா என்று ஓர் அணை. 1885-ல் கட்டியது. காலோக்கோவை விடப் பழசு. அதை அகற்றிவிடுவது என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. ஆனால் வேலை ஆரம்பிக்கும் முன் மழை வந்துவிட்டது! அணை உடைந்துவிடும் என்ற பயத்தில் கீழே இருந்த ஜனங்களை வீடுகளைவிட்டு வெளியேற்றினார்கள். நல்லவேளை, கரை உடையவில்லை. அன்று மாவியில் எல்லோருடைய வாயிலும் வந்த பெயர் காலோக்கோ.

அன்னாசித் தோட்டத்து அணை

ஓவாகு தீவில் இன்னும் பெரிய அணை ஒன்று உண்டு. வாகியாவா அணை. 1906-ல் கரும்புக்காகக் கட்டினார்கள். அதன் ஏரிக்கு வில்சன் ஏரி என்று பெயர். கொள்ளளவு சுமார் 300 கோடி காலன். காலோக்கோவிலிருந்து பாய்ந்ததைப் போல 7 மடங்குக்கு மேல்! கீழே வையாலுவா, ஹலேய்வா என்ற ஊர்கள். இரண்டிலும் ஜனங்கள் நெருங்கி வாழ்கிறார்கள். இந்த அணை "அதிக ஆபத்து" வகையில் சேர்ந்தது.

அணை டோல் கம்பெனிக்குச் சொந்தமாக இருந்தது. அன்னாசிப் பழத்துக்குப் பேர்போன கம்பெனி அது. வாகியாவாவில் கலிங்கு இருந்தது. ஆனால் பெருவெள்ளம் வந்தால் போதாது, அகலப்படுத்த வேண்டும் என்று இலாகா பல தடவை நோட்டீஸ் அனுப்பியது. வேலை நடக்கவில்லை. 2021-ல் கம்பெனிக்கு 20 ஆயிரம் டாலர் அபராதம் போட்டார்கள்.

அணையைச் சர்க்காரே எடுத்துக்கொள்ளட்டும் என்றது கம்பெனி. இல்லாவிட்டால் அகற்றிவிட நேரும். விவசாயிகளும் சர்க்கார் எடுத்துக்கொள்வதையே விரும்பினார்கள்.

சட்டசபையில் விவாதம் நடந்தது. தனியார் லாபம் சம்பாதித்த அணைக்குப் பொதுஜனத்தின் வரிப்பணத்தைச் செலவழிப்பதா என்று கேள்வி எழாமல் இருக்குமா? ஆனால் ஓடையில் கீழே குடியிருப்பவர்களும் வரி கொடுப்பவர்கள்தானே!

2023-ல் சட்டம் நிறைவேறியது. அணையையும் அதைச் சேர்ந்த வாய்க்கால், நிலம் ஆகியவற்றையும் சர்க்கார் வாங்கலாம் என்று அதிகாரம் கொடுத்தார்கள். மொத்தம் 2 கோடியே 60 லட்சம் டாலர் ஒதுக்கினார்கள். அதில் அணையை வாங்கும் செலவுக்கு 50 லட்சம் டாலர். கலிங்கைச் சரிசெய்ய 2 கோடியே 10 லட்சம் டாலர்.